ஐந்து கிலோ பையும் எட்டுக் குண்டுமணிப் பொன்னும்

"தாலிக்குப் பொன்னு அவங்க வூட்லேர்ந்து வரட்டும். அதுக்கப்புறம் பத்திரிகை அடிக்கலாம். அந்த ஆளுகிட்ட சொல்லிடு."

என் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னது செஞ்சி பஸ் நிலையத்தில், சென்னை பஸ் நகரத் தொடங்கிய நேரத்தில். ஜன்னல் வழியாக என் பூஜைப் பையை உள்ளே கொடுத்துக்கொண்டே சொன்னார். பஸ் நகரும்போது சொன்னால் நான் பதில் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் ஒரே மகள் தேன்மொழி நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த ஊர்ப் பையன் ஜோஷைக் கட்டிக்கொள்ளப் போவதாக இரண்டு வருடத்துக்கு முன்பு சொன்னாள். நான் ஒரு வாரம் அழுதேன். பிறகு சிங்கவரம் படியேறிப் பெருமாளிடம் சொன்னேன். இறங்கி வரும்போது அழுகை நின்றிருந்தது. இவர் அழவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் தாலிக்கு வேண்டிய பொன்னை மாப்பிள்ளை வீட்டார்தான் தர வேண்டும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா எங்களுக்குச் சம்மந்தி முறை ஆகிறார். ஆனால் இவர் வாயில் அவர் எப்போதும் "அந்த ஆளு"தான்.

சேர்ந்து போகலாம் என்று கூப்பிட்டேன். "வேர்க்கல்லய யாரு புடுங்கறது" என்றார். அதனால் தை பிறந்து பத்து நாள் கழித்து, எட்டாம் வகுப்புப் படித்த நான், வெற்றிலைபாக்கு வைக்கும் வெள்ளித்தட்டோடு தனியாக விமானம் ஏறினேன்.

புறப்படும் முன் பஜார் வீதி ஆசாரியிடம் போய், சின்னதாக ஒரு பொட்டுத்தாலிக்கு எவ்வளவு பொன் வேண்டும் என்று கேட்டேன். அவர் டப்பாவைத் திறந்து எட்டுக் குண்டுமணிகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இந்த எட்டு எடை இருந்தா அடிச்சிடலாம்மா. கொறைஞ்சா தகடு மாதிரி ஆயிடும்." நான் அதை மஞ்சள் குங்குமத்தோடு பூஜைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அங்கே விமான நிலையத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்த அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையுறை போட்ட விரலால் ஒரு மணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஏதோ சொன்னாள். விதை எதுவும் அந்தத் தேசத்துக்குள் போகக் கூடாதாம். இட்லிப் பொடியை விட்டாள், விபூதியை விட்டாள், எட்டுக் குண்டுமணியையும் எடுத்துக்கொண்டாள். விமானத்தில் தந்த சீட்டில் எல்லாக் கேள்விக்கும் "ஆமாம்" என்றே குறி போடச் சொல்லித் தேன்மொழி பழக்கியிருந்தாள். அதனால் தண்டனை இல்லாமல் தப்பித்தேன். எட்டு என்ற கணக்கை மட்டும் மனதில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சம்மந்தி பீட்டர், தேன்மொழியோடு வண்டியருகில் நின்றிருந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி, அரைக்கால் சட்டை. இரண்டு கையையும் கூப்பி, "சம்மந்தி" என்றார். மகள் சொல்லிக் கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை. எனக்கு அவர் மொழியில் அதுகூடத் தெரியாது. நானும் "சம்மந்தி" என்றேன். மூன்று வாரமும் எங்கள் பேச்சில் பாதி இதுதான்.

வண்டி கிளம்பியதும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், கத்தல் நிற்கவில்லை. கடைசியில் தேன்மொழிதான் கண்டுபிடித்தாள். முன் சீட்டில் நான் வைத்த பூஜைப் பையை வண்டி ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லி அழுகிறது. பையை எடுக்க நான் கை நீட்டினேன். அதற்குள் சம்மந்தி பெல்ட்டை இழுத்து, பைக்கு வெளியே தெரிந்த பெருமாள் படத்தின் மேலாக மாட்டிவிட்டார். வண்டி அமைதியானது. அந்த நிமிடமே இந்தச் சம்பந்தம் எனக்குச் சரி என்று பட்டது.

முதல் இரண்டு நாள் சம்மந்தி வீட்டில் தூக்கத்தில் போனது. விழித்த நேரத்தில் பார்த்ததை எழுதுகிறேன். எங்கள் செஞ்சி மலையில் பாறைகள் மூட்டையிலிருந்து கொட்டிய மாதிரி கிடக்கும். அங்கே மலைக்கு உச்சி வரை பச்சைச் சட்டை போட்டிருக்கிறது. எங்கள் சங்கராபரணி ஆற்றில் மணலைத் தோண்டித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் வழியாகவே மணலைப் பார்க்கலாம். சம்மந்தி மாலை ஐந்தரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. சூரியன் ஒன்பது மணிக்குத்தான் மறைகிறது. உச்சி வெயிலில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது போலிருக்கும். வெந்த உருளைக்கிழங்கில் உப்பு மட்டும் போட்டுத் தந்தார். நான் இட்லிப் பொடியைத் தூவினேன். அவர் தட்டையும் நீட்டினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினார்.

மூன்றாம் நாள் காலை, சமையலறை ஜன்னலில் ஒரு மருந்துக் குப்பியைப் பார்த்தேன். தண்ணீருக்கு அடியில் மஞ்சள் தூளைக் கரைக்காமல் போட்ட மாதிரி ஏதோ கிடந்தது.

"அதான்மா பொன்னு" என்றாள் தேன்மொழி. "ஓடையில அலசி எடுத்தது. நைனா கேட்ட அன்னிலேர்ந்து ஜோஷ் அப்பா சேக்கறாரு."

"கடையில ஒரு பவுனு வாங்கியிருந்தா முடிஞ்சிருக்குமேடி."

அவள் சம்மந்தியிடம் கேட்டுச் சொன்னாள். "கடையில வாங்குனா அது கடைக்காரன் குடுத்த பொன்னாம். உங்க ஊர்ல மாப்ள வூட்டுக்காரங்க குடுக்கணும்னு வெச்சிருக்கறப்ப, நான் எதுக்குக் கடைக்காரன் கிட்ட உடணும்னு கேக்கறாரு."

சம்மந்திக்கு இது பல வருடப் பழக்கமாம். அந்தத் தேசத்தில் சில ஓடைகளைப் பொதுஜனங்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். மோட்டார், இயந்திரம் எதுவும் கூடாது. கைச் சாமானால் அலசிக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். அவர் எடை பார்க்கும் சின்ன மெஷினில் குப்பிப் பொன்னை வைத்துக் காட்டினார். எட்டும் சேர்ந்தால் ஒரு கிராம் என்று ஆசாரி சொல்லியிருந்தார், அந்தக் கணக்குக்கு ஆறு குண்டுமணி வந்தது. இன்னும் இரண்டு வேண்டும்.

ஆனால் ஐப்பசி மாதம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்திருக்கிறார்கள். இதை எங்களிடம் சொல்லவே இல்லை. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய சாமான் எல்லாம் இரும்பு மண்வெட்டி, இரும்புத் தட்டு, மரப்பெட்டி, வாளி. மாப்பிள்ளை அவை கிடந்த கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து குப்பியில் ஒரு துகள்கூட ஏறவில்லை.

நான் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். பஸ் நகரும்போதும் இவர் விடாமல் சொன்ன அந்த ஒரே பேச்சுக்காக, நோய்பட்ட ஒரு மனிதர் ஆற்றில் முட்டி போட வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது. "இருக்கிறது போதும், நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட பேசிக்கறேன்" என்று மகளிடம் சொல்லச் சொன்னேன். சம்மந்தி தலையாட்டவில்லை. மாப்பிள்ளை தூக்கி வரட்டும் என்றேன். அதற்கும் ஆட்டவில்லை. அவர் தூக்கினால்தான் அவர் கொடுத்ததாம். என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறான் பகவான்.

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றேன் மகளிடம். "எல்லாம் சேர்ந்து அஞ்சு கிலோவுக்குள்ள வர்ற மாதிரி லேசு சாமானா வாங்கலாம். சோறு தண்ணியோட சேர்த்து அஞ்சு. நான் நிறுத்துப் பாத்துத்தான் உடுவேன்."

விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்க வாங்கிய தொங்கு தராசு என் பையில் இருந்தது. நான்காம் நாள் அதை எடுத்துக்கொண்டு, ஓடைச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெண் முதலில் காட்டியது மடக்கி வைக்கும் தகரப் பெட்டி. வாய்க்கால் மாதிரி இருக்கும். ஓடையில் வைத்து மண்ணைப் போட்டால் தண்ணீர் ஓடிப் பொன் தங்கிவிடுமாம். தராசில் மாட்டினேன், காற்று மாதிரி இருந்தது. சம்மந்தி முகம் மலர்ந்தது.

"பொட்டி லேசுதான்" என்றேன். "அதுக்கு யாரு தீனி போடறது? வாளி வாளியா மண்ணு வெட்டிப் போட்டாத்தானே பொன்னு தங்கும்?"

தேன்மொழி சொன்னதும் கடைப்பெண் சிரித்து, பெட்டியை அவளே மடக்கி வைத்தாள்.

அடுத்து அலசும் தட்டு. பச்சைப் பிளாஸ்டிக். அதைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கத்தில் உள்ளே வரிவரியாகப் படி. எங்கள் வீட்டில் அரிசியில் கல் அரிக்கிற அரிக்கஞ்சட்டிக்கு உள்ளே இருக்கும் அதே வரி. கடலைத் தாண்டி வந்து என் சட்டியைப் பார்த்தேன்.

பெரியது, சின்னது என்று இரண்டு இருந்தன. இரண்டும் எடை ஒன்றுபோலத்தான். சம்மந்தி பெரியதை எடுத்தார். கடை வாசலில் பழகிப் பார்ப்பதற்கு ஒரு தொட்டியில் மணலும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நான் இரண்டு தட்டிலும் ஈர மணலை நிரப்பி, ஒரு பையில் வைத்துத் தராசில் தொங்கவிட்டேன். பெரியது ஐந்து கிலோவைத் தாண்டிக் கத்தியது.

"வெறும் சட்டி எட யாருக்கு வோணும்? மண்ணும் தண்ணியும் ஏறுனப்புறம் கையில நிக்குதே, அதான் எட."

சம்மந்தி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரியதை அலமாரியில் திருப்பி வைத்தார். கடைப்பெண் தன் மொழியில் ஏதோ சொன்னாள். "இந்த அம்மாவக் கடையிலயே உட்டுட்டுப் போங்கன்றாம்மா" என்றாள் மகள்.

மண்வெட்டிக்குப் பதில் கையளவு கரணை. தட்டுக்குள்ளேயே அடங்கும் சல்லடை. பாறை இடுக்கைச் சுரண்ட வளைந்த கம்பி. முட்டிக்கு அடியில் போட ஒரு பஞ்சு மெத்தை. புளிசாதமும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்தும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் ஓர் உறிஞ்சு குப்பியைப் போட்டேன். அமுக்கிவிட்டால் மூக்கு வழியாகத் துகளை உறிஞ்சிக்கொள்ளும் பிளாஸ்டிக் குப்பி. விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. எடையே காட்டவில்லை, போகட்டும் என்று போட்டேன்.

வீட்டில் மாப்பிள்ளை எதிரில் பையை நிறுத்தேன். ஐந்துக்குள் நின்றது. மாப்பிள்ளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு போய்க் கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார்.

சனிக்கிழமை காலை ஓடைக்குப் போனோம். சனிக்கிழமை நான் கவுச்சி தொடுவதில்லை. சம்மந்தி தனக்குக் கட்டிய ரொட்டிக்கு நடுவில் இருந்த இறைச்சியை எடுத்துவிட்டு வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஓடைத் தண்ணீரில் காலை வைத்ததும் உச்சி வரை சில்லென்றது. கண்ணுக்குத் தெரியாத ஈ ஒன்று கணுக்காலைக் கடித்து எடுத்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிக்கொண்டேன். சம்மந்தியும் கேட்டுப் பூசிக்கொண்டார். மஞ்சள் தாடியோடு முட்டி போட்டு, ஒரு பாறை இடுக்கை வளைந்த கம்பியால் சுரண்ட ஆரம்பித்தார். அது அவர் வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த இடமாம். "இதுல நிச்சயம் இருக்குதுன்றாரு" என்று தேன்மொழி கரையிலிருந்து சொன்னாள்.

எனக்குத் தட்டு. தண்ணீரோடு சுழற்றினால் லேசான மணல் வெளியே போகும், கனமான கருமணலும் பொன்னும் அடியில் தங்கும். ஒரு தடவைதான் காட்டினார். நாற்பது வருடமாகச் சுழற்றுகிற கை, பிடித்துக்கொண்டது. முதல் மூன்று தட்டையும் கண் கொட்டாமல் செய்தேன். மூன்றாவதில் கருமணல் ஓரத்தில் ஒரு மினுக்கு. உறிஞ்சு குப்பியால் எடுத்துக் காட்டினேன். கட்டை விரலை உயர்த்தினார்.

ஒரு மணி நேரம் சுரண்டி முடித்து, இடுக்கிலிருந்து எடுத்த மண் முழுவதையும் சம்மந்தி என் தட்டில் போட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்தார். முகம் வெளுத்திருந்தது. பெருமாளே, இந்தத் தட்டோடு இவர் எழுந்து வீட்டுக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடி கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே சுழற்றினேன். வீட்டில் அரிசி அரிக்கும்போதும் அப்படித்தான். பதினோரு கோவிந்தாவுக்குக் கல் அடியில் இறங்கிவிடும். மேலே வருவதைத் தண்ணீரோடு பக்கத்துத் தூக்கில் ஊற்றுவேன். அடியில் தங்கியதைச் செடியடியில் வீசுவேன்.

கண்ணைத் திறந்தபோது லேசான மணல் எல்லாம் என் சாப்பாட்டுத் தூக்கில் பத்திரமாக இருந்தது. தட்டு துடைத்த மாதிரி இருந்தது.

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாமா, இன்னா ஆச்சு?" என்று தேன்மொழி எழுந்து வந்தாள்.

"கொட்டிட்டேன்டி. கல்லுன்னு கொட்டிட்டேன்."

"எதம்மா?"

"அடியில இருந்தத. அவரு சுரண்டுனத."

சம்மந்தி எழுந்து வந்து வெறும் தட்டைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். என் மகள் விளக்க விளக்க அவர் தோள் குலுங்கியது. நெஞ்சு வலிதான் என்று நான் பயந்து கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாப்பது வருஷமா கல்லக் கொட்டுன கை, ஒரு நாள்ல எப்படி மாறும்னு கேக்கறாரும்மா. நீ அழாத."

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். மகள் திருப்பினாள்: "எங்க கொட்டுன?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஓடையில் கொட்டவில்லை. வீட்டில் அரித்த கல்லைக் குழாயடியில் விட்டால் யார் காலிலாவது குத்தும். அதனால் எப்போதும் வலது பக்கம் திரும்பிக் கறிவேப்பிலைச் செடியடியில் வீசுவேன். இங்கேயும் என் வலது பக்கம், தாழைபோல் நீட்டு இலை வைத்த ஒரு புதர் இருந்தது. அதன் அடியில் தட்டைப் பாறை. பாறையின் பள்ளத்தில் உள்ளங்கையளவு கருமணல், ஈரம் காயாமல் கிடந்தது.

சம்மந்தி கையை நீட்டி எங்கள் இருவரையும் நகர விடாமல் நிறுத்தினார். குடிக்கிற பாட்டில் தண்ணீரைப் பள்ளத்தில் மெதுவாக விட்டார். பையில் இடம் மிச்சமிருந்ததால் போட்ட அந்த விளையாட்டுக் குப்பியை எடுத்து, முட்டி மெத்தையில் படுத்த மாதிரி குனிந்து, துளித் துளியாக உறிஞ்சினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் அவர் முதுகில் ஈ ஓட்டினேன். முடிந்ததும் தட்டில் விட்டு, தட்டை என்னிடமே நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். மறுபடி நீட்டினார்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அலசினேன். கருமணல் விலக, எள்ளில் பாதியளவு நான்கைந்து மணியும், அதைச் சுற்றித் தூசியும் மஞ்சளாகத் தெரிந்தன.

அங்கே ஒரு வழக்கம். ஓடையை விட்டுக் கிளம்பும் முன் சாமானை எல்லாம் கழுவிக் காய வைக்க வேண்டும், ஓர் ஓடையின் பாசி அடுத்ததற்குப் போகக் கூடாது. கோவிலிலிருந்து வந்தால் நாம் கால் கழுவக் கூடாது, இது அதற்கு நேரெதிர் மடி என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை மெஷினில் வைத்தபோது எட்டுக் குண்டுமணிக்கு ஒரு மயிரிழை கூடவே இருந்தது. சம்மந்தி குப்பியை மூடி, நான் கொண்டுபோன வெற்றிலைபாக்குத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டு கையால் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பச்சைத் தட்டையும் என் பெட்டியில் வைத்துவிட்டார். அவருக்கு வேறு வாங்கிக்கொள்கிறாராம். திரும்பும்போது பெட்டி எடையை அவரே அந்தத் தராசில் பார்த்தார்.

மாசி மாதம் செஞ்சிக்கு வந்த மறுநாள், காலை ஒன்பது மணி வாக்கில், ஆசாரி கடைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார். நான் சொன்ன கதையைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. ஆசாரி குப்பியைக் கவிழ்த்து, மூசைக் கிண்ணத்தில் போட்டு உருக்கினார். ஆறியதை எடை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஆத்துப் பொன்னுங்க. கருமணலு, தூசி எல்லாம் போயிடுச்சி. ஏழரைதான் நிக்குது. அரைக் குண்டுமணி கொறையுது."

மூன்று வாரம், ஒரு கடல், ஒரு மனிதரின் நெஞ்சு, எல்லாம் அரைக் குண்டுமணியில் நின்றது. நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. செஞ்சிக் கோட்டைக் கமலக்கண்ணி தாயே என்று தரையைப் பார்த்தேன்.

இவர் அந்தப் பொன் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வேர்க்கடலை பிடுங்கிய கை, மண் இன்னும் ரேகையில் இருந்தது.

"இத்தினியூண்டுக்கு எவ்ளோ நேரம் குனிஞ்சாரு?"

"ரெண்டு வருஷமாங்க."

"நெஞ்சில ஆபரேசன் பண்ணிக்கினப்புறமுமா?"

"ஆமாங்க."

உருண்டையை ஆசாரியின் தராசில் திருப்பி வைத்தார். பிறகு விரலில் இருந்த பெருமாள் மோதிரத்தைத் திருகினார். கல்யாணத்தில் என் அப்பா போட்டது, முப்பத்திரண்டு வருடமாகக் கழற்றியதில்லை. எச்சில் தொட்டுத் திருகித்தான் வந்தது.

"அடியில ஒரு ஓரத்த வெட்டிக்க ஆசாரி. கொறையறத அதுல போடு."

"மாப்ள வூட்டுப் பொன்னா இருக்கணும்னு ஊரெல்லாம் சொன்னீங்களே" என்றார் ஆசாரி.

"சொன்னேன். வெட்டு."

ஆசாரி வெட்டினார். மோதிரத் துண்டு கொஞ்சம் சிவப்பு, ஆற்றுப் பொன் வெளிர் மஞ்சள். மூசையில் இரண்டும் ஒரு நிமிடம் தனித்தனியாக உருண்டன. பிறகு எது எது என்று பார்க்க முடியவில்லை.

"அந்தப் போனப் போடு" என்றார் இவர்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி, அங்கே சரியாக மாலை ஐந்தரை. போட்டேன். படத்தில் சம்மந்தி தெரிந்தார். எதிரில் தட்டு, உருளைக்கிழங்கு, பக்கத்தில் நான் வைத்துவிட்டு வந்த இட்லிப் பொடி டப்பா. மகள் வேலைக்குப் போயிருந்தாள், மொழிபெயர்க்க ஆள் இல்லை.

இவர் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"சம்மந்தி" என்றார். "சாப்புடுங்க, சாப்புடுங்க. ஆறிடப் போவுது."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"சம்மந்தி" என்றார்.